புனேயில் போட்ட வழக்கைத் திருநெல்வேலிக்குக் கொண்டுவர முடியுமா, செலவு யார் தலையில்?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். உங்கள் அம்மாவுக்கு 71 வயது, இருப்பது திருநெல்வேலியில். புனேயில் வேலை பார்க்கும் உறவினர் ஒருவர், புரோநோட்டின்பேரில் 6 லட்சம் ரூபாய் பாக்கி என்று அங்குள்ள உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறார், சம்மனும் வந்துவிட்டது. புரோநோட்டில் கையெழுத்துப் போட்டது திருநெல்வேலியில். பணம் வந்தது அவருடைய புனே வங்கிக் கணக்கிலிருந்து. பாதிக்கு மேல் ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தாயிற்று, அதைப் பார்த்த இரண்டு பேரும் பாளையங்கோட்டைக்காரர்கள். மதுரைக் கிளையில் ஒரு மனுப் போட்டால் வழக்கு இங்கே வந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையா, அலைந்த செலவையெல்லாம் யார் தருவது என்று கேட்கிறீர்கள்.

ஒரே கேள்விபோலத் தெரிந்தாலும் இதில் மூன்று இருக்கின்றன. புனே நீதிமன்றத்துக்கு இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் இருக்கிறதா என்பது முதலாவது. அதிகாரம் இருந்தாலும் வழக்கை இங்கே மாற்றச் சொல்ல முடியுமா என்பது இரண்டாவது. செலவு மூன்றாவது. பெரும்பாலானவர்கள் நேராக இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறார்கள். முதலாவதுக்கு ஒரு கெடு உண்டு, அது தாண்டிவிட்டால் பிறகு யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். தமிழ்நாட்டு உரிமையியல் நீதிமன்றங்களில் நெடுநாளாக வழக்கு நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். புனே நீதிமன்றத்தின் அன்றாட நடைமுறை எனக்குப் பழக்கமில்லை, அதற்கு அங்குள்ள வக்கீலைத்தான் கேட்க வேண்டும். பிராதையும், அதாவது உறவினர் தாக்கல் செய்த வழக்கு மனுவையும், நான் பார்க்கவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. இடமாற்ற மனு போட்டுவிட்டதால் மட்டும் புனேயில் வழக்கு நின்றுவிடாது. மேல் நீதிமன்றம் தடை ஆணை கொடுத்தால்தான் நிற்கும். சம்மன் கிடைத்த 30 நாளுக்குள் எதிருரையை, அதாவது வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதிலை, தாக்கல் செய்ய வேண்டும், நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து 90 நாள் வரை நீட்டலாம். இதற்குள் யாரும் ஆஜராகாமல் விட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பாணை ஆகிவிடும். அப்புறம் அதை ரத்து செய்யவே தனியாக மனுப் போட்டு, தாமதத்துக்குக் காரணம் சொல்லி, அதற்கும் செலவுத்தொகை கட்ட வேண்டி வரும். ஆகவே முதல் வாய்தாவுக்கு முன்னால் புனேயில் ஒரு வக்கீலுக்கு வக்காலத்து கொடுத்துவிடுங்கள். வழக்கை அங்கிருந்து எடுக்கப்போகிறோமே, எதற்கு அங்கே வக்கீல் என்று யோசிக்க வேண்டாம்.

இப்போது அதிகார எல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908இன் பிரிவு 20 சொல்வது எளிமையானது. பிரதிவாதி குடியிருக்கும் இடத்தில் வழக்குப் போடலாம், அல்லது வழக்குமூலம், அதாவது வழக்குக்குக் காரணமான நிகழ்வு, முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த இடத்தில் போடலாம். உங்கள் அம்மா திருநெல்வேலி, ஆகவே முதல் காரணத்தால் புனேக்கு அதிகாரம் இல்லை. இரண்டாவதில்தான் இழுபறி. புரோநோட்டு எழுதிக் கொடுத்தது இங்கே, ஆனால் பணம் புறப்பட்டது அங்கிருந்து. கடன்காரன்தான் கடன் கொடுத்தவனைத் தேடிப் போய்க் கொடுக்க வேண்டும், ஆகவே பணம் திரும்பி வரவேண்டிய இடமும் புனேதான் என்று வாதி சொல்வார். அந்தக் கொள்கை புரோநோட்டுக்குப் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. எனவே இந்த ஆட்சேபம் ஜெயிக்கும் என்று என்னால் உறுதி தர முடியாது. எழுப்பாமல் விட்டால் தோற்கும் என்பது மட்டும் உறுதி. பிரிவு 21படி இடம் பற்றிய ஆட்சேபத்தை விசாரணை நீதிமன்றத்தில், கூடிய சீக்கிரத்தில், எப்படியும் எழுவினாக்கள் (விசாரித்து முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனையப்படுவதற்குள் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டுவிட்டு மேல்முறையீட்டில் போய் ‘அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமே இல்லை’ என்றால் எடுபடாது. எதிருரையின் முதல் பத்தியிலேயே இது இருக்கட்டும். புரோநோட்டிலோ, கூட எழுதிய வேறு தாளிலோ ‘தகராறு வந்தால் இன்ன ஊர் நீதிமன்றம்’ என்று ஒரு வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதிகாரமே இல்லாத ஊருக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுக்க முடியாது. ஆனால் அதிகாரம் உள்ள இரண்டு ஊர்களில் ஒன்றை இருவரும் ஒத்துக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே சொல்லிவிட்டது.

ஆட்சேபம் ஏற்கப்பட்டால் புனே நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்யாது. அதே சட்டத்தின் கட்டளை 7 விதி 10படி பிராதை வாதியிடமே திருப்பிக் கொடுக்கும், சரியான நீதிமன்றத்தில் தாக்கல் செய்துகொள் என்று. இது இடமாற்றம் அல்ல. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துப் பலரும் கணக்கைத் தப்பாகப் போடுகிறார்கள். திருப்பித் தரப்பட்ட பிராது புதிய நீதிமன்றத்தில் புது வழக்காகவே தொடங்கும், பழைய சாட்சியமெல்லாம் கூடவே வராது என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. நல்லெண்ணத்தோடு தவறான நீதிமன்றத்தில் வழக்கு நடத்திய காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் பிரிவு 14 கழித்துக் கொடுக்கும். அதனால் வாதிக்குக் காலம் கடந்துவிடும், கடன் தானாக ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சரி, இடமாற்றத்துக்கு வருவோம். மதுரைக் கிளையில் மனுப் போட்டால் போதும் என்று சொன்னவர் பிரிவு 24ஐ மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அந்தப் பிரிவு மாவட்ட நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் தங்களுக்குக் கீழே உள்ள நீதிமன்றங்களுக்கிடையே வழக்கை மாற்றும் அதிகாரம் தருகிறது. கோவையிலிருந்து நெல்லைக்கு என்றால் அது சரி. மகாராஷ்டிர நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் இழுத்துக்கொண்டு வர முடியாது. அப்படியானால் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. பிரிவு 23இன் வாசகத்தைப் படித்தால் முடியும்போலத்தான் தோன்றும், பலகாலம் அப்படி மனுக்களும் போட்டார்கள். ஒரு உயர் நீதிமன்றத்தின் எல்லையிலிருந்து இன்னொன்றின் எல்லைக்கு மாற்ற உச்ச நீதிமன்றத்தால் மட்டுமே, அதுவும் பிரிவு 25படி மட்டுமே முடியும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்தியது. இதில் கணக்கு தூரம் அல்ல, எந்த உயர் நீதிமன்றத்துக்குக் கீழே என்பதுதான். மாஹே புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆகவே சென்னை உயர் நீதிமன்றத்துக்குக் கீழே வருகிறது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலச்சேரி கேரள உயர் நீதிமன்றத்துக்குக் கீழே. இந்த இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு வழக்கை மாற்ற வேண்டுமென்றாலும் டெல்லிக்குத்தான் போயாக வேண்டும்.

பிரிவு 25 மனுவை வழக்கின் எந்தக் கட்டத்திலும் போடலாம். பிரமாணப் பத்திரத்துடன் மனு, எதிர்தரப்புக்கு நோட்டீஸ், பிறகு விசாரணை. 2019இல் விதிகள் திருத்தப்பட்ட பிறகு இத்தகைய மனுக்களைத் தனி நீதிபதியே கேட்கலாம். மனுவைத் தாக்கல் செய்ய உச்ச நீதிமன்றத்தின் பதிவு பெற்ற வழக்கறிஞர், அட்வகேட்-ஆன்-ரெகார்ட் என்பார்கள், அவர் வேண்டும். நெல்லையிலோ சென்னையிலோ உள்ள உங்கள் வக்கீல் வாதாடலாம், தாக்கல் செய்ய முடியாது. ‘நீதியின் நலன் கருதி உகந்தது’ என்று நீதிமன்றம் கருதினால் மாற்றும். அந்தச் சொற்களுக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடக்கலாம், எதையும் அடக்காமலும் விடலாம். கணவன் மனைவி வழக்குகளில் மனைவியின் சிரமத்துக்கு நீதிமன்றம் பொதுவாக இரக்கம் காட்டும். செய்தித்தாளில் நீங்கள் படிக்கும் இடமாற்றங்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். பண வழக்கில் அந்த இரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. வழக்குப் போடும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் வாதிக்கு, ஒரு தரப்பின் வசதி மட்டும் மாற்றத்துக்குப் போதாது என்பது சுப்பிரமணியன் சுவாமிக்கும் ராமகிருஷ்ண ஹெக்டேவுக்கும் இடையிலான வழக்கில் சொல்லப்பட்டு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

அதனால் பிரமாணப் பத்திரத்தை எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. ‘மனுதாரர் வயதானவர், ஏழை, மராத்தி தெரியாது, புனே வெகுதூரம்’ என்று நாலு வரி எழுதிய மனுக்கள் வந்த வேகத்தில் திரும்பிப் போகும். வயதையும் நோயையும் மருத்துவச் சான்றோடு சொல்லுங்கள். ஆனால் அழுத்தம் சாட்சிகள்மேல் இருக்க வேண்டும். கட்டளை 16 விதி 19ஐப் பலர் திறந்தே பார்ப்பதில்லை. நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே இருக்கும் சாட்சியை நேரில் வரும்படி உத்தரவிட வேண்டுமானால் அவர் 100 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். தூரத்தில் ஆறில் ஐந்து பங்குக்கு ரயிலோ பஸ்ஸோ இருந்தால் 500 கிலோமீட்டர் வரை போகலாம். பாளையங்கோட்டைக்கும் புனேக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பணம் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்த அந்த இரண்டு பேர் மனமுவந்து வந்தால்தான் உண்டு, புனே நீதிமன்றம் சாதாரணமாக அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அம்மாவின் மொத்த எதிர்வாதமும் அந்த இருவர் வாயில்தான் இருக்கிறது என்றால், இது வசதிக்குறைவு என்ற நிலையைத் தாண்டி, நியாயமான விசாரணையே நடக்குமா என்ற கேள்வியாகிவிடுகிறது. அந்த விதியிலேயே ஒரு விலக்கும் இருக்கிறது: விமானக் கட்டணம் கொடுத்தால் தூரம் பார்க்காமல் வரச் சொல்லலாம். கட்டணத்தைக் கட்ட வேண்டியவர் சாட்சியை அழைப்பவர், அதாவது உங்கள் அம்மா. இதையும் மறைக்காமல் எழுதி, ஆகும் தொகையையும் போட்டுவிடுங்கள். எதிர்தரப்பு சொல்லி நீதிபதி தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

எதிர்தரப்பு என்ன சொல்லும் என்பதும் தெரிந்ததுதான். நீதிமன்றம் நியமிக்கும் கமிஷனர் வைத்து நெல்லையிலேயே சாட்சி விசாரிக்கலாம், சாட்சியின் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகத்தானே தாக்கலாகிறது, குறுக்கு விசாரணையைக் காணொலியில் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். 2020க்குப் பிறகு காணொலி விசாரணைக்கு உயர் நீதிமன்றங்கள் விதிகள் வகுத்துவிட்டதால் இந்த வாதத்துக்கு முன்னைவிடக் கனம் அதிகம். என் மதிப்பீட்டைக் கேட்டால், உங்கள் மனு ஜெயிக்கவும் கூடும், ‘காணொலி வசதியைப் பயன்படுத்திக்கொள்க’ என்று முடித்துவைக்கப்படவும் கூடும். இரண்டாவதும் உங்களுக்குத் தோல்வி அல்ல. 71 வயதில் அம்மா ரயிலேற வேண்டியதில்லை என்பதுதானே உங்களுக்கு வேண்டியது?

மாற்றப்பட்டால் என்ன நடக்கும்? வழக்குக் கட்டு இங்கே வரும். வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம், வேண்டுமானால் புதிதாகவும் விசாரிக்கலாம், அது இங்குள்ள நீதிமன்றத்தின் விருப்பம், உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லாதவரை. ஒன்று மட்டும் மாறாது. முதலில் வழக்குப் போடப்பட்ட நீதிமன்றம் எந்தச் சட்டத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டுமோ அதே சட்டம்தான் இங்கும் என்று பிரிவு 25இன் ஐந்தாம் உட்பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டால் 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று எண்ணி இடமாற்றம் கேட்பவர்கள் உண்டு. இடம் மாறியதால் மட்டும் சட்டம் மாறாது.

இனி செலவு. நீங்கள் அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான், அதிகம் ஏமாறப்போவதும் இதில்தான். பிரிவு 35படி செலவு நீதிமன்றத்தின் விருப்புரிமை. தோற்றவர் கட்டுவது பொது வழக்கம், அப்படி இல்லையென்றால் காரணத்தை எழுத வேண்டும். வழக்கு மாற்றப்பட்டால் இதுவரை புனேயில் ஆன செலவு அங்கேயே தீர்க்கப்படாது. கட்டோடு சேர்ந்து வந்து, கடைசியில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவாகும். பிராது திருப்பித் தரப்பட்டால் கதை வேறு. ‘அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்ட நீதிமன்றம் செலவுக்கு மட்டும் எப்படி உத்தரவிடும்?’ என்று சில வக்கீல்களே கேட்டு விட்டுவிடுகிறார்கள். அதிகாரம் இல்லாதது செலவு உத்தரவுக்குத் தடையாகாது என்று அதே பிரிவு 35இல் நேரடியாகவே எழுதியிருக்கிறது. பிராது திரும்புகிற அன்றைக்கே, செலவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அந்த நாளை விட்டுவிட்டால் அது போனதுதான்.

பட்டியலில் என்ன ஏறும் என்பதையும் பாருங்கள். எங்கள் ஊர் தீர்ப்பாணை ஒன்றின் கடைசிப் பக்கத்தை எடுத்தால், பிரதிவாதி பக்கத்தில் வக்காலத்து முத்திரை, மனு முத்திரை, சாட்சிப் படி, விதிப்படியான வக்கீல் கட்டணம் என்று வரிசையாக இருக்கும். வக்கீல் கட்டணம் என்பது விதிகள் அனுமதிக்கும் தொகை, நீங்கள் உண்மையில் கொடுத்தது அல்ல. ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை, கூடப் போனவரின் சம்பள இழப்பு எதற்கும் அதில் வரி கிடையாது. இது மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிப் பார்த்தது. சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் வந்த தீர்ப்பு, செலவு என்பது நியாயமான உண்மைச் செலவாக, நேர இழப்பும் பயணமும் தங்குமிடமும் உட்பட இருக்க வேண்டும் என்றது. அதை நம்பி டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சுமார் 45 லட்சம் ரூபாய் உண்மைச் செலவாக விதித்தபோது, விதிகள் அனுமதிக்கும் அளவைத் தாண்ட முடியாது என்று 2011இல் உச்ச நீதிமன்றமே அதை ரத்து செய்தது. விதிகள் மாறாதவரை தீர்ப்பிலுள்ள நல்ல வார்த்தைகள் பையை நிரப்பாது.

பொய் வழக்குக்கு ஈட்டுத்தொகை தரும் பிரிவு 35ஏ இருக்கிறதே என்பீர்கள். மத்தியச் சட்டப்படி அதன் உச்சவரம்பு 3,000 ரூபாய். இது போதாது, உயர்த்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 2012இல் தன் 240ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றச் சட்டம் வணிகத் தகராறுகளுக்கு அந்த வரம்பை எடுத்துவிட்டது, செலவு விதியையும் கடுமையாக்கியது. உறவினருக்குள் கைமாற்றாக வாங்கிய கடன் வணிகத் தகராறாகாது, ஆகவே அந்த வழி உங்களுக்கு இல்லை. இடமாற்ற மனு வீம்புக்காகப் போடப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் கருதினால் எதிர்தரப்புக்கு ஈட்டுத்தொகை கொடுக்கச் சொல்லலாம், அதற்கும் பிரிவு 25இல் வரம்பு 2,000 ரூபாய்தான். அந்தப் பயத்தில் மனுப் போடாமல் இருக்க வேண்டியதில்லை.

வழக்கு முடிந்த பிறகு செலவு வாங்கலாம் என்று காத்திருப்பதைவிட, நடக்கும்போதே நிபந்தனையாகக் கேட்பது பலன் தரும். இடமாற்ற மனுவிலேயே மாற்றுக் கோரிக்கை ஒன்றைச் சேருங்கள்: மாற்ற மறுத்தால், நேரில் வரச் சொல்லும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மாவும் துணைக்கு ஒருவரும் வந்துபோகும் செலவை வாதி முன்கூட்டியே கட்ட வேண்டும் என்று. குடும்ப வழக்குகளில் இது சகஜம். பண வழக்கில் அபூர்வம்தான், ஆனாலும் கேட்பதில் நட்டமில்லை, காணொலிக்குச் சம்மதிக்க எதிர்தரப்பைத் தள்ளவாவது உதவும். புனேயில் வாதி வாய்தா வாங்கி இழுத்தால் பிரிவு 35பி இருக்கிறது. அதன்கீழ் விதித்த தொகையை அடுத்த வாய்தாவில் கட்டாமல் அவர் மேற்கொண்டு வழக்கை நடத்த முடியாது. அந்தத் தொகை உங்கள் கைக்கு அப்போதே வரும், முடிவுச் செலவோடு கலக்காது. நடைமுறையில் எதிர்தரப்பிடமிருந்து பணமாகக் கைக்கு வரக்கூடியது இந்த ஒரு பிரிவில்தான்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன் பிரிவு 12 பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. உங்கள் அம்மா அதற்குத் தகுதியானவர். புனே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் அங்கே வக்கீலை ஏற்பாடு செய்யலாம். டெல்லியில் இடமாற்ற மனுவுக்கு உச்ச நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேட்டால் இரண்டுக்கும் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்வார்கள். போகும்போது சம்மன், பிராது நகல், புரோநோட்டு நகல், வங்கிக் கணக்கு விவரம், அம்மாவின் மருத்துவச் சீட்டுகள், அந்த இரண்டு சாட்சிகளின் பெயரும் முகவரியும் எழுதிய தாள் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். சம்மன் கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே பென்சிலால் குறித்து வையுங்கள், 30 நாள் கணக்கு அதிலிருந்துதான்.